அட்டிகையைத் துடைத்துத் தந்தவர்

ஈரக் கையால் அவர் நகையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. முதலில் சீயக்காய்த் தூள் போட்டுக் கையைக் கழுவுவார். பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்த வெள்ளைத் துணியில் விரல் விரலாகத் துடைப்பார். அதன் பிறகும் உடனே தொடமாட்டார். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, வந்தவரிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது அவசரப்பட்டு டப்பாவைத் திறக்கப் போனால், "இரு தாயி, கை காயட்டும். தங்கம் எந்திரிச்சு எங்கயும் ஓடிறாது," என்பார்.

பெயரை எழுதப்போவதில்லை. தெருவில் என் அம்மா வயதுக்காரர்களுக்கு அவர் மதினி, எங்களுக்குச் சித்தி. ரத்த உறவு எதுவும் கிடையாது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுதான் உறவு.

எங்கள் ஊர் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது. தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அம்மாவுக்கும் அப்படித்தான். கம்பெனிக்குள் உலோகம் எதையும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கொலுசு, மெட்டி, வளையல், சேலையில் குத்துகிற ஊக்கு, எது தரையில் உரசினாலும் வெடிமருந்து சிந்திக் கிடக்கிற இடத்தில் பொறி பறக்கும். வாசலிலேயே போர்மேன் நின்று ஒவ்வொருவர் காலையும் கையையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். அதனால் கம்பெனி வேன் வருவதற்குள் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். கழற்றி எங்கே வைப்பது? வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். கதவில் தொங்குகிற பூட்டு பேருக்குத்தான். சித்திக்கு மருந்துத் தூசி ஆகாது, மூச்சு இழுக்கும். அதனால் அவர் மட்டும் வீட்டிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு இரும்பு பீரோவும் இருந்தது. எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை, தெருவின் கொலுசும் மெட்டியும் பகலெல்லாம் அவர் வீட்டில்தான் இருக்கும்.

வேன் ஹாரன் கேட்கும்போது அவர் வாசலில் நாலைந்து பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பார்கள்.

"மதினி, மெட்டி வரமாட்டேங்கு. கொஞ்சம் இளுங்க."

"நேத்து ராத்திரி உப்புக் கருவாட்டை அள்ளித் தின்னுட்டு வெரலு வீங்கி வந்திருக்க. போயி எண்ணெயத் தடவிட்டு வா."

"வேன் போயிரும் மதினி."

"போனாப் போகட்டும். அவசரம்னா வெரலோட களட்டி வச்சுக்கிறவா?"

சாயந்திரம் அவர்கள் திரும்பி வரும்போது, கொடுத்த மெட்டி துடைத்த மெட்டியாகக் கிடைக்கும். இதற்கு அவர் எதுவும் வாங்கியதில்லை. தீபாவளிக்குப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள். சேலையைவிட அதைச் சுற்றி வந்த மெல்லிய தாளைத்தான் அவர் பத்திரமாக மடித்து வைப்பார். நகை சுற்ற ஆகும் என்று.

ஒவ்வொருத்திக்கும் ஒரு டப்பா. முகப்பவுடர் டப்பா, தைல டப்பா, ஸ்டுடியோக்காரரிடம் கேட்டு வாங்கிய பிலிம் ரோல் டப்பா. எதிலும் பெயர் எழுதியிருக்காது. ஒருநாளும் மாறியதில்லை.

அவருடைய வழக்கங்களை நான் ஒருமுறை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். வரிசைப்படுத்தாத எதுவும் எனக்கு நினைவில் தங்காது. தங்கத்தையும் வெள்ளியையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. சங்கிலியைச் சுருட்டி வைக்காமல், கொக்கியை மாட்டி, நீளவாக்கில் படுக்கவைக்க வேண்டும். கல் இல்லாத தங்கத்துக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகள் பல் துலக்குகிற பிரஷ். முத்துக்கும் பவழத்துக்கும் தண்ணீரே கூடாது, ஒட்டப் பிழிந்த துணி போதும். வெள்ளிக்குத் திருநீறு. பூவும் பவுடரும் வைத்து முடித்த பிறகுதான் நகையைப் போட வேண்டும், கழற்றும்போது முதலில் நகையைத்தான் கழற்ற வேண்டும். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் ஒரு சாக்பீஸ், ஈரம் இழுக்க. அரிசிப் பானைக்குள் நகையை ஒளித்து வைக்கிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதை மட்டும் அவரால் தாங்க முடியாது. "அரிசித் தவிடு பூராக் கல்லு இடுக்குல போயி அடையும். கள்ளனுக்குப் பயந்து நீயே அதக் கெடுக்கிறயே," என்பார்.

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கல் வைத்த கம்மலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துவிட்டாள். பழைய கல் நகைகளில் கல்லுக்கு அடியில் அரக்கும் ஒரு பளபளப்புத் தகடும் வைத்திருப்பார்கள். சூடு பட்டால் அரக்கு இளகிவிடும், தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துவிடும். கம்மல் எலிக்கண் மாதிரி ஆகிவிட்டது. சித்தி அதை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம்புட்டு நேரம் அவிச்ச?"

"அரை மணி நேரம் இருக்கும்க்கா."

"இட்டிலியே அதுக்குள்ள ரெண்டு ஈடு வெந்திரும். சட்னி அரைச்சியா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு அழுதாள். அன்று குழாய் சுற்றுகிற வேலையை ஒதுக்கிவிட்டு, சித்தி அவளோடு பஸ் ஏறி சிவகாசி ஆசாரியிடம் போனார். கல்லைப் பிரித்துத் தகடு மாற்றுகிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஆசாரி டீ குடிக்க எழுந்தபோது, "நகையை மூடி வச்சிட்டுப் போங்க, ஈ உக்காரும்," என்று சொன்னாராம். யாருடைய கம்மலோ அது. அந்தப் பெண் அதற்கு முன் அவர் வீட்டு வாசலை மிதித்ததுகூட இல்லை.

நான் பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ முடித்து, வேறொரு பட்டாசுக் கம்பெனியின் சோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிற லோடில் கொஞ்சம் கந்தகத்தையும் வெடியுப்பையும் அலுமினியப் பொடியையும் எடுத்து, ஈரம் எவ்வளவு, நம்பர் போட்ட சல்லடைகளில் சலித்தால் தூள் எவ்வளவு நைசு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தெருப் பெண்களின் கொலுசு மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் கறுக்கிறது என்று சித்தி என்னிடம்தான் கேட்டார். வேலை முடிந்து வந்தாலும் தோலிலும் தலைமுடியிலும் ஒட்டியிருக்கிற கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்கவைக்கிறது என்று சொன்னேன். ஓட்டல் பார்சல் சுற்றி வந்த அலுமினியத் தாளைச் சட்டிக்குள் விரித்து, சமையல் சோடா போட்ட சுடுதண்ணீரில் ஒரு கொலுசை வைத்துக் காட்டினேன். கறுப்பு கண்ணெதிரே தாளுக்குப் போனது. சித்தி சட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தெருவில் வந்தவள் போனவளிடமெல்லாம், "எம் மக கண்டுபிடிச்சது," என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தச் சொல்லை நான் திருத்தவும் இல்லை.

அம்மாவிடம் ஒரு அட்டிகை இருந்தது. கழுத்தை ஒட்டிக் கிடக்கும். நடுவில் ஒரு பதக்கம், இருபுறமும் வரிசையாகச் சிவப்புக்கல். சீசனுக்கு சீசன் கம்பெனியில் வாங்கிய போனஸில் பொட்டுப் பொட்டாகத் தங்கம் சேர்த்து, ஊர் ஆசாரி ஒருவரிடம் கொடுத்துச் செய்தது. பில் என்று ஒன்று கிடையாது. அந்த ஆசாரியும் பிறகு இறந்துவிட்டார். எங்கள் வீட்டில் அழகுக்காக இருந்த ஒரே பொருள் அதுதான். மற்ற எல்லாமே எதற்காவது பயன்பட்டன.

ஒரு கல்யாணத்தில் பதக்கத்துக்குப் பக்கத்திலிருந்த சிவப்புக்கல் விழுந்துவிட்டது. மண்டபம் கூட்டிய குப்பையை மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்தார் சித்தி. கிடைக்கவில்லை. அதைச் செய்த ஆசாரி அப்போது உயிரோடு இருந்தார். அவரிடம் அந்த அளவில் பச்சைக்கல்தான் இருந்தது, அதையே பதித்துக் கொடுத்தார். அம்மாவுக்கு முகமே செத்துப்போனது. சித்திதான் தேற்றினார்.

"இருக்கட்டும் மதினி. இனி ஊரு பூரா இருக்கிற அட்டிகையக் குமிச்சுப் போட்டாலும் ஒங்களுது இன்னதுன்னு தூரத்துலருந்தே சொல்லிறலாம்ல."

எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும். அதனால் அட்டிகை வருஷம் முழுக்க அவர் பீரோவில்தான் இருந்தது. கல்யாணம், கோயில் பொங்கல் என்று வந்தால் வாங்கிப் போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுப்போம். அவரே வாரத்துக்கு ஒருமுறை எல்லா நகைகளையும் வெளியே எடுத்துத் துணியில் பரப்பிக் காற்றாட விடுவார். அப்போது யாராவது பெண்பிள்ளை உள்ளே வந்தால், பிடித்து உட்காரவைத்து ஒன்றைக் கழுத்தில் மாட்டிப் பார்ப்பார். தலையைச் சாய்த்து ஒரு பார்வை. கழற்றி, துடைத்து, வைத்துவிடுவார். "மேல படாத நகை நகையா? பொட்டிக்குள்ளயே கெடந்தா அதுவும் தகரம்தான்," என்பார். ஒரு நகை வெறும் டப்பாவில் கிடப்பதும், ஒரு பெண் வெறும் கழுத்தோடு நிற்பதும் ஒரே நேரத்தில் அவர் கண்ணில் படக் கூடாது. அவரைப் பற்றி ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு வைகாசிக் கல்யாணத்துக்காக அட்டிகையை வாங்கியபோது இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். கல் இடுக்கில் வெள்ளையாக முகப்பவுடர் படிந்திருந்தது. கொக்கியில் செம்பட்டை நிறத்தில் நீளமாக ஒரு தலைமுடி சிக்கியிருந்தது. இருட்டிய பிறகு துடைத்தாரோ, கண் தெரியவில்லையோ, சித்தி போட்டுப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குச் சந்தோஷம்கூட. சித்தி பவுடர் பூசுகிறவர் இல்லை, அவர் முடி நரைத்துவிட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை எடுத்து வைத்து யோசிக்கத்தான் இல்லை.

அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காரியாபட்டிப் பக்கத்துக் குடும்பம். பையனுக்கு ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில், என்னைப் போலவே சோதனை அறையில் வேலை. காலையிலேயே சித்தி வந்துவிட்டார். தெருவில் எந்தப் பெண்ணைப் பார்க்க வந்தாலும் நகை போட்டு விடுவது அவர்தான். அன்று அட்டிகையை டப்பாவிலிருந்து எடுக்காமலே நின்றார்.

"இன்னைக்கு ஒத்தச் சங்கிலி போதும்த்தா. அட்டிகை ஒனக்குக் களுத்த அடைக்கி."

"பொண்ணு பாக்க வாராக மதினி. இன்னைக்குப் போடாம என்னைக்குப் போட?" என்றாள் அம்மா.

"கனமா இருக்குமேன்னு சொன்னேன்."

"நீங்கதான சொல்லுவீக, பொட்டிக்குள்ள கெடந்தாத் தகரம்னு."

கொக்கியை மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆனது. வந்தவர்களுக்குக் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போனவர், அங்கேயே இருந்துகொண்டார்.

வந்தவர்கள் நல்லவர்கள். பையன் என்னைப் பார்த்து, "சல்லடை எத்தனை நம்பர் வரைக்கும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"இருநூறு வரைக்கும்."

"எங்ககிட்டயும் இருநூறு இருக்கு. ஆனா ஓட்டை."

எல்லோரும் சிரித்தார்கள். சல்லடையே ஓட்டைதானே என்று அப்பா கேட்டதும் இன்னும் சிரிப்பு. அதற்கு முன் வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவியா என்று கேட்டவர்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் சல்லடையைப் பற்றிப் பேசிய ஒருவரை எனக்குப் பிடித்துவிட்டது. இது கூடிவர வேண்டும் என்று நான் நினைத்த முதல் இடம் அதுதான்.

பையனின் அம்மா என்னைக் கூப்பிட்டார். "இங்கன வாம்மா, பக்கத்துல உக்காரு." உட்கார்ந்தேன். அவர் ஒரு விரலால் பதக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். விரல் பச்சைக்கல்லில் நின்றது.

"அட்டிகை யாருதும்மா?"

"எங்கம்மாவோடது."

அவர் விரலை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "போன மாசம் தாயில்பட்டியில ஒரு பொண்ணப் பாக்கப் போனோம். அந்தப் பொண்ணு களுத்துலயும் இதே அட்டிகைதான் கெடந்துச்சு. இதே எடத்துல இதே பச்சக்கல்லு. அந்தப் பொண்ணும் எங்களுதுன்னுதான் சொல்லுச்சு."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "வேற ஏதாவது இருக்கும்க்கா. இது நான் சேத்துச் செஞ்சது."

"ரசீது கிசீது எதுவும் இருக்கா?"

"ஊரு ஆசாரிகிட்டக் குடுத்துச் செஞ்சதுக்கா. அவரு இப்ப இல்ல."

"சரிதான்," என்றார் அந்த அம்மா.

"நாங்க அப்பிடிப்பட்டவங்க இல்லம்மா," என்றார் அப்பா. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "நகை இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாம். நாங்க நகையப் பாத்து வரல. ஆனா இரவலப் போட்டுக்கிட்டு எங்களுதுன்னு சொன்னா, நாளைக்கு இன்னும் என்னென்னத்த மறைப்பாகன்னு தோணுமா இல்லையா?"

அப்போதுதான் அம்மாவுக்கு ஒரு வழி தெரிந்தது. முகம் தெளிந்து அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "மதினி, நீங்களே சொல்லுங்க. இத்தன வருசமா நீங்கதான வச்சிருக்கீக. இது யாரு நகை?"

சித்தி காலித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். அந்த அட்டிகை எங்களுடையது என்பதற்கு அந்த நேரத்தில் அங்கே இருந்த ஒரே சாட்சி அவர்தான்.

"எனக்கு என்ன தெரியும் மதினி? நான் பக்கத்து வீடு. காப்பி குடுக்க வந்தேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினார்.

அவர்கள் போகும்போது பையன் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை நம்பிவிட முடியுமா என்று முயன்று பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. முடியவில்லை என்பதும் தெரிந்தது.

அவர்கள் வந்த வேன் தெருமுனை தாண்டியதும் சித்தி வந்தார். கையில் அந்த வெள்ளைத் துணி. "வேர்வையோட வைக்காத. களட்டிக் குடு, தொடச்சுத் தாரேன்," என்றார்.

அம்மா என் கழுத்திலிருந்து அட்டிகையைக் கழற்றினாள். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக அவர் பக்கம் நீண்டது. பாதியில் நின்றது. பிறகு அட்டிகையை முந்தானையில் சுற்றி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

நான்தான் கேட்டேன். "அன்னைக்குக் கல்லு இடுக்குல பவுடர் இருந்துச்சு. கொக்கியில செம்பட்டை முடி இருந்துச்சு. யாரோடது சித்தி?"

அவர் மறைக்கவில்லை. "எந் தங்கச்சி மக. தாயில்பட்டியில இருக்கா. தகப்பன் இல்லாத புள்ள. வார எடமெல்லாம் களுத்தப் பாத்துட்டுப் போயிருச்சு. ஒரு மணி நேரத்துக்குக் குடுத்துவிட்டேன். தேயல, ஒடயல. தொடச்சுத்தான வச்சேன்."

"கேட்டிருந்தா அம்மா குடுத்திருப்பாங்களே."

"கேட்டு வாங்குனா அது இரவலு. அந்தப் புள்ளைக்கி அது தெரியும், களுத்து குனிஞ்சுக்கிரும். ஒங்க பெரியம்மாவுது, ஒனக்குத்தான்னு சொல்லிப் போட்டுவிட்டா நிமிந்து நிப்பா. நிமிந்து நின்னா."

"இப்ப ஏன் சொல்லல? அம்மா உங்களத்தான கேட்டாங்க."

"இவுக வேணாம்னுட்டுப் போன பெறகு அவளுக்கு இன்னொரு எடம் கூடிவந்திருக்கு. அவுகளும் அதே அட்டிகையப் பாத்துட்டுத்தான் சரின்னாக. நான் இங்கன வாயத் தொறந்தா அங்கன நின்னுபோகும். நீ படிச்சவ. ஒனக்கு வேல இருக்கு. இன்னும் பத்து எடம் வரும்."

"எங்கம்மா பொய் சொன்னவங்களா ஆயிட்டாங்க சித்தி."

அவர் துணியை நாலாக மடித்தார். "தெரியுது," என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை.

எது வலித்தது என்று பிறகு பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். நகையைக் கொடுத்தது இல்லை. கேட்காமல் கொடுத்ததுகூட இல்லை. யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்தும் காலையில் என்னிடம் சொல்லாமல், கனமாக இருக்கும் என்று சுற்றிவளைத்தது கொஞ்சம். எனக்கும் தன் தங்கை மகளுக்கும் நடுவில் அவர் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது, அது புரிகிறது. ஆனால் "நான் பக்கத்து வீடு" என்று சொன்னாரே, அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. எம் மக என்று தெரு முழுக்கச் சொன்னவர் அவர். அந்த ஒரு வாக்கியத்தில் சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

தரகர் மூலமாக அப்பா காரியாபட்டிக்கு, அட்டிகை எங்களுடையதுதான் என்று சொல்லி அனுப்பினார். "போகட்டும், விடுங்க," என்று பதில் வந்தது. நம்பவில்லை என்பதை அவர்கள் மரியாதையாகச் சொன்ன விதம் அது.

அட்டிகை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒழுகாத மூலையில் தகரப் பெட்டி, அதற்குள் டப்பா, மெல்லிய தாள், சாக்பீஸ். கல்லில் தண்ணீர் படாமல் துடைப்பேன். கை காய்கிறவரை மடியில் வைத்துக் காத்திருப்பேன். இதெல்லாம் அவருடைய வழக்கங்கள்தான். எவ்வளவு கோபம் இருந்தாலும் நகையை வேறு விதமாகப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். யாருடைய நகை எந்தக் கழுத்தில் கிடக்கிறதோ, அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

"சொல்லு," என்றாள் அம்மா. "நாளைக்கு வேன் வரும். கொலுச எங்கன வைப்பாளுக? மடியில முடிஞ்சுக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள போவாளுக. அதுதான வேணும் ஒனக்கு?"

நான் சோதனை அறையில் வேலை பார்ப்பவள். மருந்து என்ன செய்யும் என்பது எனக்கு அம்மாவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவும் வழக்கம்போல் காலையில் கொலுசையும் மெட்டியையும் கழற்றி அவரிடம்தான் கொடுத்தாள். "சாப்பிட்டீகளா மதினி?" என்று அவர் கேட்பார். "ஆச்சு," என்பாள் அம்மா. சாயந்திரம் வரும்போது எங்கள் வீட்டுக் கொலுசுதான் மற்றவர்களுடையதைவிட அதிகமாக மின்னும். திருகு இடுக்கில்கூட ஒரு பொட்டுக் கறுப்பு இருக்காது. எனக்கு அந்த மினுக்கைப் பார்க்கவே பிடிக்காது. அம்மா காலில் மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அம்மாவின் மனது ஆறிவிட்டது, எனக்குத்தான் ஆறவில்லை என்று நினைத்தேன்.

தாயில்பட்டிப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. காரியாபட்டிப் பையனுக்கும் வேறு இடத்தில் முடிந்துவிட்டதாகத் தரகர் சொன்னார். தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் ஓய்ந்து கிடந்த ஒரு சாயந்திரம், சித்தி எங்கள் வீட்டுக்குள் வந்து நிலைப்படி ஓரமாக உட்கார்ந்தார். அம்மா அடுப்பில் சோறு வைத்திருந்தாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும்," என்றார். "மேலத்தெருவுல ஒரு புள்ளைக்கி ஞாயித்துக்கெளம பாக்க வாராக. களுத்துல கறுப்புக்கயிறு மாதிரி ஒரு பாசி, அம்புட்டுதான். ஒரு மணி நேரத்துக்கு அட்டிகை வேணும். இந்தத் தடவ ஒங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்துட்டுப் போறேன்."

அம்மா திரும்பவில்லை. அதனால் நான் பதில் சொன்னேன்.

"தாரேன் சித்தி. அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. என் செல்லுல தரகர் நம்பர் இருக்கு, அவர்ட்ட காரியாபட்டி நம்பர் வாங்கித் தாரேன். அந்த அம்மாகிட்ட, அன்னைக்குப் பாத்த அட்டிகை அந்த வீட்டம்மாவோடதுதான்னு மட்டும் சொல்லுங்க. யாருக்குக் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்."

"அந்தப் பையனுக்குத்தான் முடிஞ்சிருச்சேத்தா."

"ஆமா. இனி எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. எங்கம்மாவுக்காகக் கேக்கேன்."

சித்தி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதை நான் சொல்லியாக வேண்டும். என் கையிலிருந்த செல்போனையும் அம்மாவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு ஒருமுறை அசைந்தது.

"முடியாதுத்தா," என்றார் கடைசியில். "அந்தம்மா சும்மா இருக்காது. அப்ப தாயில்பட்டியில கெடந்தது யாருதுன்னு கேக்கும். பேச்சு அங்கன போயிரும். அவ இப்ப முளுகாம இருக்கா, ரெண்டு மாசம்."

"அப்ப எனக்கும் முடியாது சித்தி."

அவர் தலையாட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை, கெஞ்சவும் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்தார். மேலத்தெருப் பெண் யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் எப்படி நின்றாளோ தெரியாது.

அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அம்மா சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவ போன் போட்டுச் சொல்லியிருந்தா, நெசமாவே குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்மா."

கஞ்சி சொட்டி முடிகிறவரை அம்மா பானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ குடுத்திருப்ப," என்றாள். "நான் குடுத்திருக்க மாட்டேன். காரியாபட்டிக்கே நடந்து போயி அந்தம்மா கையப் பிடிச்சுச் சொல்லியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

பிறகு பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, தட்டெடுத்து வரச் சொன்னாள்.